கதைக் குவியலைத் தூற்றுவதா, புடைப்பதா, கொழிப்பதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ஊகப் புனைவு (அறிவியல் புனைகதை, மாயக்கதை போன்றவை) எழுதுகிறவர்களின் பிழைப்பைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'ஸ்லஷ் பைல்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. கேட்காமலே பத்திரிகைக்கு வந்து குவியும் கதைகளை அப்படிச் சொல்கிறார்கள். படித்துப் பிரிப்பவர் 'ஸ்லஷ் ரீடர்'. ஸ்லஷ் என்றால் பாதி உருகிச் சேறான பனி என்கிறது அகராதி. இப்போதைக்கு 'சகதிக் குவியல்' என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

---

> இப்போதைக்கு 'சகதிக் குவியல்' என்று போட்டிருக்கிறேன்.

வேண்டாம் ஐயா, அந்தச் சகதியில் நானும் கிடக்கிறேன்.

பத்து வருடமாகக் கோவையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கதை எழுதி அமெரிக்க இதழ்களுக்கு அனுப்பி வருகிறேன். நடுவில் இரண்டு வருடம் ஓர் இணைய இதழுக்குச் சம்பளமில்லாத ஸ்லஷ் ரீடராகவும் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனலாக், அசிமோவ்ஸ், கிளார்க்ஸ்வேர்ல்ட் போன்ற இதழ்களுக்கு யார் வேண்டுமானாலும் கதை அனுப்பலாம். சிபாரிசு வேண்டாம், முகவர் வேண்டாம். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2019இல் தொழில்முறைச் சன்மானத்தைச் சொல்லுக்கு 8 சென்ட் என்று உயர்த்தியது. 5,000 சொல் கதை தேறினால் 400 டாலர். தேறினால்! பெரும்பாலான இதழ்கள் ஒரே நேரத்தில் ஒரு கதையை இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்கின்றன. என் கதை ஒன்று ஓர் இதழில் 211 நாள் கிடந்துவிட்டு இரண்டு வரிப் பதிலோடு திரும்பி வந்தது. நம்மூர் 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' சீட்டேதான், ஆங்கிலத்தில்.

குவியலுக்கு மேலே உட்கார்ந்தபோது வேறொன்று தெரிந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்துக் கதை என்று கணக்கு. ஏழு கதைகளில் நாயகன் படுக்கையில் கண்விழிப்பான், இரண்டில் கடைசி வரியில் எல்லாம் கனவாகிவிடும். ஒருநாள் பத்தாவதாக ஒன்று வந்தது: உப்பளத்துக் கிழவி ஒருத்தி நிலாவுக்கு வட்டிக்குக் கடன் கொடுக்கிறாள், வசூலுக்கு ஏணியோடு போகிறாள். எழுதியவரின் பெயரை அதற்கு முன் கேட்டதே இல்லை. ஆசிரியருக்கு அனுப்பும்போது மணி ஒன்றரை. மறுவாரமே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கிழவியைச் சகதி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

'நேரில் போய் ஆசிரியர்களைப் பார்க்கலாமே' என்பார்கள். அதற்குத்தான் வாசகர்களும் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் கூடும் கன்வென்ஷன். (இதற்கு 'மாநாடு' போடாதீர்கள். கொடியும் கட்-அவுட்டும் கண்ணில் வந்துவிடும். 'கூடல்' போதும்.) 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய உலக அறிவியல் புனைகதைக் கூடல் 2024இல் கிளாஸ்கோவில் நடந்தது. சிறப்பு விருந்தினர்களைத் தவிர, மேடையில் பேசப் போகிற எழுத்தாளரும் அங்கே பொதுவாகத் தன் கைக்காசில்தான் உறுப்பினர் கட்டணம் கட்ட வேண்டும். அப்புறம் விசா, விமானம், விடுதி. உருப்படியான அறிமுகங்கள் அரங்கத்தில் கிடைப்பதைவிட ராத்திரி விடுதி பாரில்தான் அதிகம் கிடைக்கும் என்பது போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது. கோவையில் இருப்பவனுக்குத் திறந்திருக்கும் கதவு அந்தக் குவியல் ஒன்றுதான்.

அந்தக் கதவும் ஒருமுறை சாத்தப்பட்டது. 2023 பிப்ரவரியில், 20ஆம் தேதிக்குள்ளாகவே, செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதிய கதைகள் 500 வரை வந்து குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்ட் கதை வாங்குவதையே நிறுத்தியது. மார்ச்சில்தான் திரும்பத் திறந்தார்கள். பதர் கூடிப்போனால் களத்தையே மூட வேண்டியிருக்கிறது.

பதர் என்றதும்தான் சொல் தோன்றியது: பொலி. களத்தில் அடித்துக் குவித்து, இன்னும் தூற்றாமல் கிடக்கும் நெல். மணியும் உண்டு, பதரும் உண்டு, எது எவ்வளவு என்று தூற்றினால்தான் தெரியும். ஸ்லஷ் பைலும் அதேதான். 'கதைப்பொலி' என்று வைத்துக்கொள்ளலாமா? படிப்பவர் 'தூற்றுநர்'.

---

கதைப்பொலி நன்றாக இருக்கிறது தம்பி. தனியாகப் 'பொலி' என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் பொலி என்றால் முதலில் பொலிகாளைதான் நினைவுக்கு வரும்.

'தூற்றுநர்' மட்டும் ஆகாது. ஏற்கெனவே எழுத்தாளர்களுக்கு அவர்மேல் கோபம். நாமே அவரை அவதூறு பேசுகிறவர் ஆக்கிவிடலாமா? 'புடைப்பவர்' என்றால் அடியாள். 'சலிப்பவர்' பொருத்தம்தான், ஆனால் அது சல்லடையா அலுப்பா என்று வாசகர் குழம்புவார். தானியம் சுத்தம் செய்யும் சொற்கள் எல்லாமே ஏன் இப்படி இரட்டை வேடம் போடுகின்றனவோ!

என் அம்மா முறத்தில் அரிசியைப் பக்கவாட்டில் அசைத்துக் குருணையைப் பிரிப்பார். அதைக் கொழிப்பது என்பார். 'கொழித்தல்' என்று வைத்துப் பாருங்களேன்.

---

கொழித்தலுக்கும் இன்னொரு பொருள் உண்டே அம்மா! சம்பளமில்லாமல் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கதை படிப்பவரைக் 'கொழிப்பவர்' என்று எழுதினால், படிக்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

செயலுக்குக் கொழித்தல் இருக்கட்டும், ஆளுக்கு வேண்டாம். ஆங்கிலத்திலேயே 'ஃபர்ஸ்ட் ரீடர்' என்றும் சொல்வதுண்டு. அதனால் 'முதல் வாசகர்' போதும். 'முதல் வாசகர் கதைப்பொலியைக் கொழித்து, தேறியவற்றை ஆசிரியருக்கு அனுப்புவார்.' உரக்கப் படித்துப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.

---

இருவருக்கும் நன்றி. அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். கட்டுரையில் அடுத்த பத்தி, நிராகரிப்புக் கடிதங்களில் எத்தனை வகை என்று தொடங்குகிறது. நாளை காலை வருகிறேன்.