பிஷிங்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். மூத்த குடிமக்களுக்கான துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'பிஷிங்' ஏழு இடத்தில் வருகிறது. 'போலி மின்னஞ்சல்' என்றால் எரிதமும் (வேண்டாத விளம்பர மடல், ஸ்பேம்) அதில் சேர்ந்துவிடும். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கறக்க வரும் மடலுக்குத் தனிச்சொல் உண்டா?
– செ.

தூண்டில் மடல். குறள் 931: 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று'. பொன் இங்கே இரும்பு. பரிமேலழகர் உரை காண்க. 'வரிப்பணம் திரும்பக் கிடைக்கும்' என்பது இரை, அடியிலிருக்கும் சுட்டி (லிங்க்) இரும்பு. இதைவிடப் பொருத்தம் ஏது?
– ந.

'பிஷிங்' என்பதில் மீன்பிடித்தலைச் சுமந்தது ஆங்கிலம், நாமும் ஏன் சுமக்க வேண்டும்? மீன் பசியால் மாட்டுகிறது. இங்கே ஆள் மாட்டுவது பெரும்பாலும் அச்சத்தால்: '24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்'. வங்கியாக வேடம் போடுவதுதான் மையம். வேடமடல் என்க.
– இரா.

வேடம் வேஷத்தின் திரிபு ஐயா. வடசொல்.
– ந.

இல்லவே இல்லை. வேய்தல் என்றால் சூடுதல். வேய்ந்தது வேடம். வேடனும் காட்டில் தழை வேய்ந்து மறைந்தவனே என்பது என் ஊகம்.
– இரா.

வேடனை விடுங்கள். அச்சுக்குப் போகும் பத்தி இது, எந்தச் சொல் உட்காருகிறது பாருங்கள்:

> ... வந்தால் அனுப்புநர் பெயரை நம்பாதீர்கள். பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். அதைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். சுட்டியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ளதை வலமிருந்து படியுங்கள். 'வங்கிபெயர்.சரிபார்ப்பு.நெட்' என்றிருந்தால் அது 'சரிபார்ப்பு.நெட்' வைத்திருப்பவருடைய தளம், வங்கியுடையது அல்ல. பூட்டுக்குறி இருந்தாலும் அப்படியே. அதைத் திருடனும் பெறலாம்.

– செ.

ஒன்று சேர்க்கவும்: வங்கிகள் 'பேங்க்.இன்' முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2025 அக்டோபர் 31. ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டும் நெருங்கினால் எம் மாதிரித் தெரியும். கண்ணாடி போட்டவருக்கும் தப்பும். கடவுச்சொல் மேலாளர் (கடவுச்சொற்களைச் சேமித்து, உரிய தளத்தில் மட்டும் நிரப்பும் செயலி) தானாக நிரப்பாமல் நின்றால் கையால் அடிக்காமல் முகவரியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டவர் வேறு வழியாக வங்கித் தளத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றட்டும். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் இணைய மோசடி உதவி எண் 1930-க்கும் அழைக்கட்டும்.

சொல்லைப் பொறுத்தவரை தூண்டில்தான் கிளைக்கிறது: தூண்டில் அழைப்பு, தூண்டில் குறுஞ்செய்தி, தூண்டில் க்யூஆர். 'வேட க்யூஆர்' நாக்கில் நிற்கவில்லை.
– மு.

சரி, தூண்டில் மடல். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'பிஷிங்' போடுகிறேன். பேப்பரில் அப்படித்தான் வருகிறது.
– செ.

துண்டறிக்கைக்குப் போகட்டும், அகராதிக்கு ஒப்பேன். வேய்தலுக்குச் சான்றுகள் திங்களன்று அனுப்புகிறேன்.
– இரா.