உறுமி, தவில் பதிவுக்குக் கணினி, இன்டர்ஃபேஸ்: யோசனை வேண்டும்

வணக்கம். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யக் கணினியும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸும் வாங்கப் போகிறோம். இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட், தகரக்கூரை போட்ட பழைய தோட்டத்து வீடு, பின்னறை 10க்கு 11 அடி. உறுமி, தவில், ஒரு பாடகர். கையிருப்பு 4,500 வெள்ளி.

கணினிக்கு 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி போதும் என்பது எங்கள் கணக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பிதான். பயம் லேப்டாப் விசிறிதான்: பஃபரை (கணினி ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் அளவு) 128 சாம்பிளுக்கு இறக்கினால் தாமதம் குறையும், ஆனால் பிராசசர் சூடேறி விசிறி இரையும், அது மைக்கில் விழும். லேப்டாப்புக்குப் பதில் மேசைக் கணினி என்றால், அதன் கேஸை அடுத்த அறையில் வைத்து ஒயரைச் சுவர் வழியே இழுக்கலாமா?

சிக்கல் இன்டர்ஃபேஸில். தவிலுக்கு இரண்டு பக்கமும் மைக் வேண்டும், உறுமிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. ஆக நான்கு ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி). ஸ்கார்லெட் 4ஐ4 என்ற இன்டர்ஃபேஸின் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதில் மைக் ப்ரீஆம்ப் இரண்டே, மற்ற இரண்டும் லைன், அதாவது கீபோர்டு போன்றவற்றுக்கு; மைக்கை நேராகச் செருக முடியாது. நான்கு ப்ரீஆம்ப் உள்ளதில் எதன் ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி மென்பொருள்) விண்டோஸ் 11இல் மக்கர் பண்ணாமல் ஓடுகிறது?

தவிலின் வலந்தலைக்கு (விரலால் அடிக்கும் வலது பக்கம்) எஸ்எம்57 மைக் என்று முடிவு. கூடு மாட்டிய விரலின் பலத்த அடிச் சத்தத்தை அது தாங்கும். குரலுக்குக் கண்டென்சர் (சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் மைக்) வேண்டாம் என்றே படுகிறது. மழை தகரத்தில் விழுந்தால் அதையும் சேர்த்துப் பாடும்!

இன்னொன்று: லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று இரைச்சல், கழற்றினால் போய்விடுகிறது. எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார்கள். 230 வோல்ட்டில் அது உயிரோடு விளையாட்டு, செய்யமாட்டோம். வேறு வழி?