நியூட்ரலில் லொடலொட, ஓட்டும்போது டக் டக்: கிளட்சா, செயினா?

கேள்வி: மலைப்பாதை

வணக்கம் நண்பர்களே. என்னுடையது ஒற்றை சிலிண்டர் பைக், ஐந்து கியர், கிளட்ச் ஆயிலில் ஊறி ஓடும் வகை. சமீபத்தில் செயின் ஸ்ப்ராக்கெட் செட் புதிதாகப் போட்டேன், அதிலிருந்து இரண்டு விதமான சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒன்று, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நியூட்ரலில் நிறுத்தினால் வலப்பக்கமிருந்து லொடலொடவென்று வரும். கிளட்ச் லீவரைப் பிடித்தால் உடனே அடங்கிவிடும், விட்டால் மறுபடி ஆரம்பித்துவிடும். இன்னொன்று, மெதுவாகப் போகும்போது காலுக்குக் கீழே எங்கோ 'டக்... டக்...' என்று ஒரு தட்டல், வேகம் ஏற ஏற நெருக்கமாகிக் கடைசியில் கரகரவென்று ஒன்றாகிவிடுகிறது.

மெக்கானிக் இரண்டுமே கிளட்ச்தான், மொத்த செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். ஆனால் வண்டி ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது, கிளட்ச் எங்கேயும் வழுக்கவில்லை, கியரும் சுலபமாக விழுகிறது. இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: ஸ்பேனர்

நண்பரே, இன்ஜினில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இவை ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சத்தம். ஒன்று வண்டி நிற்கும்போது வருகிறது, மற்றது சக்கரம் சுற்றினால்தான் வருகிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் கிளட்ச் மாற்றிய பிறகும் அந்த டக் டக் அப்படியேதான் இருக்கும்.

முதலில் டக் டக்கைப் பிடிப்போம். ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலையில் 30 கிமீ வேகம் வரை போய், கிளட்ச் லீவரை முழுதாகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். இன்ஜின் ஐடிலிங்குக்கு (ஆக்சிலேட்டரைத் திருகாதபோது ஓடும் மெதுவான வேகத்துக்கு) இறங்கிய பிறகும் அந்தத் தட்டல் சக்கர வேகத்தோடு சேர்ந்தே வந்தால் அது செயின், ஸ்ப்ராக்கெட், சக்கர பேரிங், பிரேக் இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இன்ஜின் வேகம் இறங்கியதும் அதுவும் கூடவே இறங்கினால் மட்டும் இன்ஜின் பக்கம் போகலாம்.

அடுத்து அந்தத் தட்டலின் தாளத்தை எண்ணுங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டு சக்கரத்தைக் கையால் நிதானமாகச் சுற்றுங்கள். உதாரணத்துக்கு முன்னால் 14 பல், பின்னால் 42 பல், செயினில் 108 கண்ணி என்று வையுங்கள். சக்கரம் ஒரு சுற்று வந்தால் முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று வரும். ஆனால் செயின் ஒரு முழுச் சுற்று வர சக்கரம் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 108-ஐ 42-ஆல் வகுத்தால் வருகிற 2.57 சுற்று சுற்ற வேண்டும். ஆகவே சாக்பீஸ் கோடு எப்போதும் ஒரே இடத்துக்கு வரும்போது தட்டினால் பின் ஸ்ப்ராக்கெட் அல்லது சக்கரம், ஒரு சுற்றுக்கு மூன்று முறை தட்டினால் முன் ஸ்ப்ராக்கெட், கோடு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்போது தட்டினால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. இறுகிய கண்ணி முன் பல்லில் ஏறும்போது ஒரு தடவை, பின் பல்லில் ஏறும்போது ஒரு தடவை என்று இரண்டு முறைகூடத் தட்டலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயின் புதிது என்பதால் எனக்கு முதல் சந்தேகமே இணைப்புக் கண்ணி, அதாவது செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கண்ணி மேல்தான். ரிவெட்டை அளவுக்கு மேல் அழுத்திவிட்டால் அந்த ஒரு கண்ணி மட்டும் மடங்காது. கிளிப் வகையாக இருந்தால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

பதில்: ஆயில்கை

ஸ்பேனர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நியூட்ரல் சத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

நியூட்ரலில் லீவரை விட்டிருக்கும்போது கிளட்சும் கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட்டும் இன்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். லீவரைப் பிடித்ததும் அந்த ஷாஃப்ட் இன்ஜினிலிருந்து பிரிந்து வேகம் குறைந்துவிடும், கிளட்ச் ஹவுசிங் (கிளட்சின் வெளிக்கூடு) மேல் விழுகிற சுமையும் மாறிவிடும். ஆகவே பிடித்தால் அடங்குகிற சத்தத்துக்கு மூன்று இடம்தான் முக்கியம்: ஹவுசிங்குக்குப் பின்னால் இருக்கும் அதிர்வைத் தாங்கும் டேம்பர் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது, ஹவுசிங் கியருக்கும் கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) கியருக்கும் நடுவில் இடைவெளி கூடியிருப்பது, உள்வரும் ஷாஃப்ட்டின் பேரிங் தேய்ந்திருப்பது. இந்த மூன்றில் எதுவுமே கிளட்ச் பிளேட் மாற்றினால் சரியாகாது, அதனால்தான் மொத்த செட்டும் என்று சொன்னதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒற்றை சிலிண்டரில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு உதறு உதறும். ஐடிலிங் குறைவாக இருந்தால் அந்த உதறலில் கியர் பற்கள் முன்னும் பின்னும் மோதிக்கொள்ளும், சூட்டில் ஆயிலும் இளகிவிடுவதால் சத்தம் வெளியே நன்றாகவே கேட்கும். அதனால் ஐடிலிங் ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையை) வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். லொடலொட அடங்கிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக அது ஒரே சீராக ஊளையிடுகிற மாதிரி ஏறினால் பேரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கிளட்ச் கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் எந்த இடம் என்பது தெளிவாகத் தெரியும், சைலன்சரில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்ற பைக் ஆயில் என்பதற்கான தரக் குறி) என்று இருக்கிறதா? கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், அது இந்த வகைக் கிளட்சை வழுக்க வைத்துவிடும். உங்களுக்கு வழுக்கல் இல்லை, இருந்தாலும் பார்த்துவிடுங்கள். லீவரில் கையேடு சொல்கிற ப்ளே (கேபிள் இழுபடுவதற்கு முன் லீவர் சும்மா ஆடும் தளர்வு) இருக்கிறதா என்பதும் முக்கியம், துளிகூட ப்ளே இல்லாமல் கேபிளை இறுக்கி வைத்தால் கிளட்சைப் பிரிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங் எப்போதும் சுமையிலேயே ஓடும். அந்த பேரிங் போனால் அறிகுறி நேர் எதிர், லீவரைப் பிடிக்கும்போதுதான் சத்தம் வரும்.

பதில்: இரட்டைத்தடம்

ஒரே ஒரு விஷயம், தயவுசெய்து இதைக் கேளுங்கள். ஸ்டாண்ட் போட்டு, கியரில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். துணி ஒரு நூல் சிக்கினால் போதும், விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். சத்தம் தேடுவதாக இருந்தாலும் சரி, ஆயில் போடுவதாக இருந்தாலும் சரி, இன்ஜின் அணைந்தே இருக்கட்டும்.

அப்புறம் புது செயினை டைட்டாக வைத்துவிட்டார்களா என்றும் பாருங்கள். கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மிமீ வரை ஆட்டம் இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் அளக்காமல், சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நான்கைந்து இடத்தில் அளந்து, எங்கே அதிக டைட்டோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

மலைப்பாதை

அனைவருக்கும் நன்றி. உருள விட்டுப் பார்த்தேன், இன்ஜின் வேகம் இறங்கிய பிறகும் தட்டல் வந்தது. சாக்பீஸ் கோடு ஒவ்வொரு தட்டலுக்கும் வேறு வேறு இடத்தில் நின்றது. கீழ்ப்பக்கச் செயினைக் கையால் மடக்கிக்கொண்டே வந்தபோது இணைப்புக் கண்ணி மட்டும் லேசான வளைவோடு அப்படியே நின்றது, பக்கத்துக் கண்ணிகள் எல்லாம் தொங்கி நேராகிவிடுகின்றன. ஐடிலிங்கைக் கையேட்டு அளவுக்கு ஏற்றியதும் லொடலொட பெருமளவு போய்விட்டது. கூர்ந்து கேட்டால் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் ஊளை எதுவும் இல்லை. அந்தக் கண்ணியை ஆயில் விட்டு ஆட்டி ஆட்டி இளக்கிவிடலாமா?

பதில்: ஸ்பேனர்

வேண்டாம். துருப்பிடித்து இறுகியிருந்தால் ஆயில் உதவும், இது அழுத்தியதில் இறுகியது. ஓ-ரிங் (கிரீஸை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் வளையம்) உள்ள செயின் என்றால் அது நசுங்கியிருக்கும், இன்று இளகினாலும் கிரீஸ் வெளியேறிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதே செயின் தயாரிப்பாளரின் அதே அளவு இணைப்புக் கண்ணி புதிதாக வாங்கி, அழுத்தும்போது இரண்டு பக்கத் தகடுகளுக்கும் வெளியே வரும் மொத்த அகலத்தைப் பக்கத்துக் கண்ணியோடு காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து ஒப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கழற்றிய கண்ணியைத் திரும்பப் போட விடாதீர்கள். அது மாறும்வரை வேகமாக ஓட்ட வேண்டாம், செயின் அறுந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், கிராங்க் கேஸும் உடையலாம். கிளட்சை அப்படியே விட்டுவிடுங்கள், அடுத்த ஆயில் மாற்றும்போது வடிகிற ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.