1926ஆம் ஆண்டு அமெரிக்க அரை டாலர்: உருவங்கள் மங்கலாக இருப்பது ஏன்?

கேள்வி: அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 150ஆம் ஆண்டு நினைவாக 1926இல் வெளியான வெள்ளி அரை டாலர் ஒன்றை வாங்கினேன். முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன், அன்றைய குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் இருவரின் முகங்களும், மறுபக்கத்து விடுதலை மணியும் மங்கலாக உள்ளன. போலி நாணயமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் 1: கவலை வேண்டாம், ஐயா. புடைப்பு, அதாவது உருவங்கள் நாணயத்தின் தளத்திலிருந்து எழும்பி நிற்கும் உயரம், மிகத் தாழ்வாக அமைக்கப்பட்டதால், பிலடெல்பியா நாணயச்சாலையிலிருந்து வெளிவந்த அன்றே இவை மங்கலாகத்தான் இருந்தன. எடை 12.5 கிராம், விட்டம் 30.6 மி.மீ. இருக்க வேண்டும், வெள்ளி 90 விழுக்காடு. பதவியிலிருந்த குடியரசுத் தலைவரின் முகம் அமெரிக்க நாணயத்தில் முதன்முதலில் இடம்பெற்றது இதில்தான் என்பதால், எனக்கு இதன்மீது தனிப் பற்று உண்டு.

பதில் 2: பத்து லட்சத்துக்குச் சற்று மேல் அச்சிட்டும் விற்பனையாகாமல், 8,59,408 நாணயங்களை உருக்கிவிட்டார்கள். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், மதிப்பு போய்விடும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. நகைத் தராசில் 12.4 கிராம் காட்டியது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது, வாஷிங்டனின் கன்னத்தில் மட்டும் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் தெரிகிறது.

பதில் 1: அந்த இடம் மட்டும் உண்மையான தேய்மானம், எடை பொருந்துகிறது.