அன்றாட வீட்டு நிகழ்வுகளில் விசுவாசப் பாடம்: கண்டெடுப்பதா, திணிப்பதா?

கேள்வி (பதிவு: குடும்பஜெபம்)

அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். எங்கள் சபையின் வீட்டுக் கூட்டத்தில், வாரந்தோறும் ஒரு குடும்பம் தன் வீட்டிலோ சுற்றத்திலோ நடந்த ஒரு சிறு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பெற்ற விசுவாசப் பாடத்தைப் பகிர வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கேட்கக் கேட்க ஒரு நெருடல் ஏற்படுகிறது. தொலைந்த சாவி கிடைத்துவிட்டால் அது கர்த்தருடைய வழிநடத்துதல், கிடைக்காவிட்டால் பொறுமைக்கான பயிற்சி என்று, எது நடந்தாலும் முடிவு முன்னதாகவே தயாராக இருக்கிறது. பதினைந்து வயதாகும் என் மகளோ, தம்பியோடு போடும் சண்டைகூட அடுத்த கூட்டத்தில் பிரசங்கக் குறிப்பாகிவிடுமோ என்று அஞ்சி, வீட்டில் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டாள். ஒரு நிகழ்வு உண்மையாகவே கற்பிப்பது எது, நாம் அதன்மேல் ஏற்றிவைப்பது எது என்பதை எப்படிப் பிரித்தறிவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (பதிவு: ஓய்வுபெற்ற ஊழியன்)

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் மகளின் அச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் கர்த்தருடைய வார்த்தைகளைக் குறித்துப் பேச வேண்டும் என்னும் உபாகமம் 6:7ஐ நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே அதிகாரத்தின் 20ஆம் வசனத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அங்கே, இந்தக் கட்டளைகள் எதற்காக என்று மகன் கேட்கிறான். அதன் பிறகே தகப்பன் எகிப்தின் அடிமைத்தனத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைக் குறித்து யாத்திராகமம் 12:26இலும், யோர்தான் நதியைக் கடந்ததன் நினைவாக அதிலிருந்து எடுத்த கற்களைக் குறித்து யோசுவா 4:6இலும் இதே ஒழுங்குதான் காணப்படுகிறது. பெரியவர்கள் ஒரு காரியத்தைச் செய்கிறார்கள், பிள்ளை அதைப் பார்த்து வியந்து கேட்கிறது, அதற்குப் பிறகு விளக்கம் வருகிறது. நம் வீடுகளிலோ பிள்ளை கேட்பதற்கு முன்பே விளக்கத்தை முடித்துவிடுகிறோம்.

ஆண்டவராகிய இயேசு அன்றாட வாழ்விலிருந்து எடுத்த உதாரணங்களையும் கவனியுங்கள். காணாமற்போன வெள்ளிக்காசுக்காக விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கும் பெண்ணின் கதை, அவர் பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்தவர்களுக்குச் சொன்ன மறுமொழியாகும். நல்ல சமாரியனின் கதையோ, எனக்குப் பிறன் யார் என்று ஒருவர் கேட்டதற்குப் பதிலாக வந்தது. எதிரே நிற்பவருடைய உள்ளத்தில் ஏற்கெனவே ஒரு கேள்வியோ முறுமுறுப்போ இருந்தது; உதாரணம் அதைத் தொட்டது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய கதைகளில் வரும் மனிதர்கள் பலர் முன்மாதிரிகளே அல்லர். நடு இராத்திரியில் கதவைத் திறக்க மனமில்லாத சிநேகிதன், தேவனுக்குப் பயப்படாமலும் மனுஷரை மதியாமலும் இருந்த நியாயாதிபதி ஆகியோரிடத்தில் பிதாவின் சாயலைத் தேடினால் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம். பொல்லாதவர்களாகிய நீங்களே பிள்ளைகளுக்கு நல்லதைக் கொடுக்க அறிந்திருக்கும்போது, பரமபிதா கொடுப்பது அதிக நிச்சயம் அல்லவா என்னும் ஒப்பீடுதான் அங்கே உயிர்நாடி. ஆகவே ஒரு தகப்பன் தன் பொறுமையைத் தேவனுடைய பொறுமைக்குச் சமமாக நிறுத்திச் சாட்சி சொல்வதைவிட, தனக்குப் பொறுமை எந்த இடத்தில் தீர்ந்துபோனது என்பதைச் சொல்லி, அதற்கு அப்பாலும் தீராத ஒரு பொறுமையைச் சுட்டிக்காட்டுவது வேதத்தின் முறைக்கு நெருக்கமானது.

சில நிகழ்வுகளிலிருந்து பாடம் எடுக்க அவர் வெளிப்படையாகவே மறுத்தார் என்பதும் நினைவில் இருக்கட்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. கேட்டவர்களையே மனந்திரும்பச் சொன்னார். பாடம் எப்போதும் பேசுகிறவனிடமும் கேட்கிறவனிடமும் வர வேண்டும், பாதிக்கப்பட்டவன்மேல் விழக்கூடாது. இதை நான் ஒரு நல்ல உரைகல்லாகக் கருதுகிறேன்.

பதில் 2 (பதிவு: ஞாயிறு பள்ளி அக்கா)

ஐயா எழுதியதோடு நடைமுறைக் காரியம் ஒன்றைச் சேர்க்கிறேன். பிறருடைய நிகழ்வைக் கூட்டத்தில் சொல்வதற்கு முன் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். அவர் உங்கள் மகளாக இருந்தாலும் கேளுங்கள். "வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டால், ஏன் என்று துருவாமல் விட்டுவிடுங்கள். சம்மதம் கேட்கப்படுகிறது என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் அவள் மறுபடியும் பேசத் தொடங்குவாள். வகுப்பில் நான் பிள்ளைகளிடம், "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இதில் உங்களுக்கு எது விளங்கவில்லை?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன். முதற்கேள்விக்கு வரும் பதில்கள் ஆசிரியரை மகிழ்விப்பதற்கென்றே சொல்லப்படுபவை (பிள்ளைகள் இதில் மிகவும் கெட்டிக்காரர்கள்). இரண்டாவதற்கு வரும் பதில்கள் சில சமயங்களில் என்னைத் திணறச் செய்கின்றன.

பதில் 3 (பதிவு: இரவுப்பணி)

ஓய்வுபெற்ற ஊழியன் ஐயா அவர்களை மதிக்கிறேன். எனினும் ஒரு காரியத்தில் மாறுபடுகிறேன். 20ஆம் வசனத்தை நினைவூட்டிய அவர், 7ஆம் வசனத்தில் உள்ள "கருத்தாய்ப் போதித்து" என்பதைக் கடந்து சென்றுவிட்டார். அங்கே பிள்ளை கேட்கும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. மத்தேயு 13இல் கடலோரத்தில் கூடிய ஜனங்களுக்கு ஆண்டவர் விதைக்கிறவனின் கதையைச் சொன்னபோதும், அதற்கு முன் யாரும் கேள்வி எழுப்பியதாக எழுதப்படவில்லை. பவுல் தன் உடன் ஊழியனாகிய தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவனுடைய பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் விசுவாசத்தில் நிலைத்திருந்தார்கள் என்று வாசிக்கிறோம். அதே நிருபத்தில், அவன் சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்திருந்தான் என்றும் வாசிக்கிறோம். யாரோ அவற்றை வாய்ச்சொல்லால் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். பெற்றோர் நல்லவர்களாக நடந்துகாட்டினால் போதும் என்று இருந்துவிட்டால், பிள்ளைகள் நல்ல பழக்கங்களைக் கற்பார்கள். அவற்றுக்கு வேர் எது என்பதை அறியமாட்டார்கள். திணிப்புக்கு அஞ்சி மௌனத்துக்குப் போய்விட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

பதில் 4 (பதிவு: ஓய்வுபெற்ற ஊழியன்)

சகோதரர் சுட்டிக்காட்டியது சரி. போதிக்கும் கடமையைப் பெற்றோர் தள்ளிவைக்க முடியாது. ஆனால் வேதத்தை நேராகக் கற்பிப்பது வேறு, வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் வேதத்துக்கு உதாரணமாக வளைப்பது வேறு. முன்னதைத் தாராளமாகச் செய்யுங்கள். பின்னதற்குத்தான் நான் காத்திருக்கச் சொன்னேன்.

கேள்வி கேட்டவர் (பதிவு: குடும்பஜெபம்)

எல்லாருக்கும் நன்றி. சம்மதம் கேட்கும் வழக்கத்தை இந்த வாரமே தொடங்குகிறேன். இன்னும் ஒன்று. எங்கள் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி அண்மையில் கணவரை இழந்தார். அடுத்த முறை பகிர வேண்டியது எங்கள் குடும்பம். அந்த மரணத்திலிருந்து ஆறுதலான ஒரு பாடத்தைச் சொல்லும்படி சிலர் கேட்கிறார்கள். அவரும் அங்கே அமர்ந்திருப்பார்.

பதில் 5 (பதிவு: ஓய்வுபெற்ற ஊழியன்)

வேண்டாம், சகோதரி. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாட்கள் இரவுபகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளரானார்கள், அதாவது ஆறுதல் சொல்ல வந்து வேதனையைக் கூட்டுகிறவர்களானார்கள். உங்கள் முறை வரும்போது 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது புலம்பலிலேயே முடிகிறது. கடைசி வசனத்திலும் விடிவு வருவதில்லை. அதற்கு விளக்கம் சேர்க்காமல் ஜெபித்து முடித்துவிடுங்கள். கூட்டம் கலைந்த பின், அவருக்கு இந்த மாதம் எந்தக் காரியத்தில் கைகொடுக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டு, அதைக் குடும்பங்களுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள்.