மறு: ஏஜென்ட் – முகவர் வேண்டாம், ‘இயற்றி’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

கணினி மாதிரிகளில் தன் விதிப்படி தானே இயங்கும் சிறு உறுப்பை ஆங்கிலத்தில் ஏஜென்ட் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று வந்த மடலில் இந்த வரியைப் பார்த்தபிறகு முடியவில்லை:

> ஏஜென்ட் என்றால் முகவர். அகராதியிலேயே இருக்கிறது. இதற்குப் போய் ஓர் இழையா?

அகராதியில் இருக்கிறதுதான். போன பருவத்தில் கட்டடக்கலை மாணவர்களுக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் குவெலியா என்ற செருகுநிரலைப் போட்டு, நூறு புள்ளிகளைத் திரையில் ஓடவிட்டு, “இவை ஒவ்வொன்றும் ஒரு முகவர்” என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “யாருக்கு முகவர், சார்?”

என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. காப்பீட்டு முகவர் நிறுவனத்துக்காக வருகிறார். வாக்குச்சாவடி முகவர் கட்சிக்காக உட்கார்ந்திருக்கிறார். முகவர் என்றாலே அவருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். திரையில் ஓடும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் யாரும் இல்லை. அது தன் கண்ணுக்கு எட்டியதைப் பார்த்து, தனக்குச் சொன்ன விதிப்படி, தானே அடுத்த அடி வைக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்குப் பொருள் ‘செய்’ என்பதுதான். பிறருக்காகச் செய்பவர் என்பது பின்னால் முளைத்த கிளை. நாம் கிளையை மொழிபெயர்த்து வேரில் ஒட்டிவிட்டோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986-இல் பறவைக் கூட்டத்தைக் கணினியில் பறக்கவிட்டார், அடுத்த ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது, வரைந்துவைத்த பாதை கிடையாது. ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதி: பக்கத்தில் இருப்பதன்மேல் இடிக்காதே, பக்கத்தில் இருப்பவை போகும் திசையில் போ, அவற்றின் நடுவை நோக்கி நகர். அவ்வளவுதான். கூட்டம் தானாகத் திரண்டு வளைந்து பிரிந்து மறுபடி சேர்கிறது. அவரும் இருக்கிற சொல்லை வைத்துச் சமாளிக்காமல் ‘பாய்டு’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டார் என்பதைக் கவனியுங்கள். (குவெலியாவும் பறவைதான். ஆப்பிரிக்காவில் பெருங்கூட்டமாகப் பறக்கும் சிட்டு, நம் தூக்கணாங்குருவிக்கு உறவு.)

பறவை என்றதும் ‘உயிரி’ என்ற இன்னொரு பரிந்துரை நினைவுக்கு வருகிறது. அழகான சொல். ஆனால் ஜெர்மனியில் ஷ்வேபிஷ் குமுண்ட் ஊரில் 2014-இல் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தார் கட்டிய மரக் கண்காட்சிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் கனத்தில் 243 பீச் மரப் பிளைவுட் பலகைகள், ஒன்றுபோல் மற்றொன்று இல்லை, எல்லாம் ரோபோ அறுத்தவை. அந்தக் கூடத்தின் வடிவமைப்பில் ஏஜென்ட் எது தெரியுமா? பலகைதான். ஒவ்வொரு பலகையும் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் வளைவைப் பார்க்கிறது, அண்டைப் பலகையைப் பார்க்கிறது, ரோபோவால் அறுக்க முடிகிற அளவைத் தாண்டாமல் நகர்ந்து தன் இடத்தைப் பிடிக்கிறது. பலகையை உயிரி என்றால் தச்சர்கள் சிரிப்பார்கள். முகவர் என்றால் இன்னும் மோசம், அந்த ‘அர்’ விகுதி பலகைக்கு மரியாதை வேறு கொடுக்கிறது.

‘செயலி’ பற்றி நீட்ட வேண்டாம். அது கைப்பேசிக்குப் போய்விட்டது, திரும்பி வராது.

சரி, நம் இலக்கணம் இதை என்ன செய்கிறது என்று பார்த்தேன். நன்னூல் ஒரு வினை நடக்க ஆறு வேண்டும் என்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். இதைப் படித்துவிட்டு, இப்படிப்பட்ட மாதிரிகளை ஓட்டிப் பார்க்கும் நெட்லோகோ என்ற மென்பொருளைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. 1999-இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கிய அந்தக் கருவியில் ஆமை இருக்கிறது (நகரும் ஏஜென்டுக்கு அங்கே அந்தப் பெயர்), ஆமை நடக்கச் சதுரம் சதுரமாக நிலம் இருக்கிறது, ஆமைக்குச் செயல் எழுதித் தருகிறோம், ‘டிக்’ என்று காலம் நகர்கிறது. பாதிக்கு மேல் நன்னூல் பட்டியல்தான். கருவியையும் செய்பொருளையும் மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்தான் பொருந்தும்.

அப்படியானால் ‘செய்பவன்’ போதுமே என்று நினைத்தேன். ஆண்பால் என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், நெட்லோகோவில் நிலமும் ஏஜென்ட்தான். ஒவ்வொரு சதுரத்துக்கும் விதி எழுதலாம்: புல் முளை, மேய்ந்தால் காலியாகு, இத்தனை டிக் கழித்து மறுபடி முளை. நிலமே செய்பவனாகிவிடுகிறது. ஆகவே பறவைக்கும் பலகைக்கும் புல்தரைக்கும் ஒட்டுகிற, திணை காட்டாத சொல் வேண்டும்.

செய்பவரைக் குறிக்கும் இலக்கணச் சொல்லான ‘கருத்தா’வை ஒருவர் எழுதியிருந்தார். கருத்து நல்லதுதான், சொல்தான் கேள்விக்குறி போடாத கேள்வி மாதிரி நிற்கிறது. ஆனால் அவர் காட்டிய இடத்தில்தான் எனக்கு வழி கிடைத்தது. மூன்றாம் வேற்றுமையில் கருத்தாவை இரண்டாகப் பிரித்துப் பள்ளியில் படித்திருப்போம். ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது’ என்றால் கரிகாலன் கல் சுமக்கவில்லை, ஆளை ஏவினான், ஏவுதல் கருத்தா. ‘சிற்பியால் சிலை செதுக்கப்பட்டது’ என்றால் சிற்பியே உளி பிடித்தார்; இயற்றுதல் கருத்தா.

இந்த வகை வடிவமைப்பில் நடப்பது இதேதான். கோடு கோடாக வரையும்போது கட்டடக்கலைஞர் இயற்றுகிறார். விதியை எழுதிப் புள்ளிகளை ஓடவிட்டதும் அவர் கரிகாலன் ஆகிவிடுகிறார், இயற்றும் வேலை புள்ளிகளுக்குப் போய்விடுகிறது. மாணவர்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டுகிறேன். விளைவு பிடிக்காவிட்டால் உடனே புள்ளியைப் பிடித்து நகர்த்தப் பார்க்கிறார்கள். விதியை மாற்று என்றால் முகம் சுருங்குகிறது.

ஆகவே என் பரிந்துரை: இயற்றி.

‘பாட்டு இயற்றி’ என்று வினையெச்சமாகப் படித்துவிடுவார்கள் என்பது முதல் தடையாக வரும். கடத்தி, ஊக்கி, மாற்றி எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன. தாமிரம் நல்ல கடத்தி என்றால் யாரும் எதைக் கடத்தியது என்று கேட்பதில்லை.

இரண்டாவது தடை வலுவானது. வள்ளுவர் ‘உலகியற்றியான்’ என்று படைத்தவனைச் சொல்கிறார், அப்போது இயற்றி என்றால் நிரல் எழுதியவரைக் குறிக்காதா? குறிக்கலாம். அதற்கு என்னிடம் பாதி பதில்தான் உண்டு: குறளில் இருப்பது ஆண்பால் விகுதியோடு நிற்கும் ஒருவன், இது விகுதி பிடிக்காத வெறும் பெயர். இன்னொன்று, பிச்சையெடுத்துத்தான் வாழவேண்டும் என்றால் படைத்தவனும் ‘பரந்து கெடுக’ என்று வள்ளுவர் சபிக்கிறார். நம் நிரல்களில் படைத்தவர் காபியோடு உட்கார்ந்திருக்க, படைக்கப்பட்டவைதான் பரந்து கெடுகின்றன.

தொடர்களில் வைத்துப் பார்த்தேன். ‘ஒவ்வோர் இயற்றியும் தன் அண்டை இயற்றிகளைப் பார்த்துத் திசை மாற்றும்.’ வாய்க்கு உறுத்தவில்லை. பல ஏஜென்ட் அமைப்புக்குப் ‘பல்லியற்றி அமைப்பு’ என்று எழுதலாம், பல்லி கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும். ஏஜென்ட் வழி மாதிரிக்கு ‘இயற்றிவழி மாதிரி’.

முகவரைத் துரத்திவிடச் சொல்லவில்லை. இப்போது நமக்காக டிக்கெட் எடுக்கிற, மடல் எழுதுகிற செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் வருகிறதே, அது உண்மையிலேயே ஒருவருக்காகத்தான் போய் நிற்கிறது. அதற்கு முகவர் கச்சிதம். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதை நாமும் ஒன்றில் அடக்கவேண்டும் என்று எங்கும் சட்டமில்லை.

அடுத்த பருவத்துக்கான பாடக்குறிப்பு இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதில் இயற்றி என்று போட்டிருக்கிறேன். அதற்குள் இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

பி.கு.: சிமுலேஷனுக்குப் ‘பாவனை’ என்று யாழ்ப்பாண நண்பருக்கு நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அங்கே பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர் என்பது எனக்கு மறந்தே போயிற்று. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.