தினமும் ஓட்டுவதற்கு ஒரு சின்ன ஓப்பன் கார்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

சான் ஸ்டார்ம் என்றொரு கார் இருந்தது இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. 1998-ல் வந்த இந்தியத் தயாரிப்பு, கோவாவில் செய்தார்கள். இரண்டே சீட், மடக்கித் திறக்கும் துணிக்கூரை, ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின். சக்தி 60 குதிரைத்திறன் அளவுதான். இன்றைய சாதாரண குடும்பக் கார்கள் பல இதைவிட வேகமாகப் போகும். ஆனால் ஸ்டார்மில் தரையை ஒட்டி உட்கார்ந்து, கூரையை மடக்கிவிட்டு, காலையில் சேரன்மகாதேவி ரோட்டில் வாய்க்கால் ஓரமாகப் போனால் அறுபது கிலோமீட்டர் வேகமே மனசை நிறைத்துவிடும். பழைய வண்டி ஒன்று கைக்கு வந்தபோது நான் முடிவு செய்தது இதுதான்: எஞ்சினில் கை வைக்கக் கூடாது. தினமும் சாவியை எடுக்கத் தயங்க வைக்கும் விஷயங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும்.

முதலில் வயரிங். ஃபைபர் பாடி வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தகர பாடி என்றால் பாடியே எர்த்தாக, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழியாக வேலை செய்யும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் எர்த் வயர் தனியாகப் பேட்டரிக்கோ அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கோ போயாக வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த இணைப்புகள் பச்சை பூத்துப் போயிருந்தன. இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டு விளக்கு மங்கும், மழை பெய்தால் வைப்பர் பாதியில் நிற்கும். டவுனில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி பார்த்ததும் சொன்னார்: "தம்பி, வண்டியில ஒரு கோளாறும் கிடையாது. இது ஃபைபருல்லா, எர்த்தை நல்லாக் கட்டுனா எல்லாம் எரியும்." தடித்த செம்பு வயரில் எல்லா எர்த்தையும் புதிதாக இழுத்தார். ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே வைத்தார், அதாவது ஸ்விட்ச்சின் சின்னக் கரண்டை வைத்து விளக்குக்கு நேராகக் கரண்டைத் திறந்துவிடும் சின்னக் கருவி. முன்பு அந்த மொத்த கரண்டும் ஸ்விட்ச் வழியாகப் போய் வந்ததில் வழியிலேயே வோல்ட் குறைந்துகொண்டிருந்தது. இப்போது அதே பல்பு பளிச்சென்று எரிகிறது. செலவோடு ஒப்பிட்டால் இதைவிடப் பெரிய பலன் தந்த வேலை வேறு எதுவும் இல்லை.

அடுத்தது சூடு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கும்போதுதான் ஒரு காரின் கூலிங் எப்படி என்று தெரியும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, ஹோஸ் எல்லாம் மாற்றி, எஞ்சின் சூட்டைப் பொறுத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டும் ஃபேன் ஸ்விட்ச்சும் புதிதாகப் போட்டேன். வெறும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு முறையான கூலண்ட். பெட்ரோல் ஹோஸையும் அப்போதே மாற்றிவிட்டேன். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் இளகி வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் வெப்பம் தடுக்கும் ஷீட் ஒட்டிய பிறகு, மத்தியான நேரத்திலும் பெடல் பக்கம் கால் வைக்க முடிகிறது.

பிரேக்கும் டயரும் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பேட், ஹோஸ், பிரேக் ஆயில் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மலையிறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி பெடல் உள்ளே போய்விடும். புளியரை எஸ் வளைவில் அப்படி ஆனால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 1223 என்றால் 2023-ஆம் வருஷத்தின் 12-ஆவது வாரத்தில் செய்தது. பட்டறையில் நின்றுகொண்டே கிடக்கிற வண்டிகளில் டயர் தேயாது, கல்லாக இறுகிவிடும்.

வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். முக்கூடல் வழியாகப் போகிறவர்களுக்கு ஏன் என்று தெரியும், பெயின்ட் இல்லாத வேகத்தடை ஊருக்கு ஊர் உண்டு. நல்ல ஷாக் அப்சார்பர், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் புதிதாக, வீல் அலைன்மென்ட் இந்த மூன்றும் போதும். இவ்வளவு லேசான வண்டிக்கு டயரில் காற்று கொஞ்சம் கூடினாலே வண்டி துள்ளும். அதையும் கவனியுங்கள்.

கூரை வேலை முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு குஷன் கடையில் நடந்தது. பழைய ரெக்சின் வெயிலில் வெடித்து, பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சள் பூத்து, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்றே தெரியாது. புது கூரைக்கு உள்ளே ஒரு அடுக்கு துணி கூடுதலாகக் கொடுத்துத் தைத்தோம். ஏசி இப்போது எடுபடுகிறது. கறுப்பு சீட் உறையைத் தூக்கிவிட்டு வெளிர் நிறத் துணி உறை போட்டோம், கூரையைத் திறந்துவைத்து நிறுத்தினாலும் சுடுவதில்லை. வெயில் காலத்தில் காலை எட்டரைக்குள், சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் நான் கூரையைத் திறப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, என்னுடையது மாருதி ஜிப்ஸி, துணிக்கூரை போட்ட ஜீப் மாதிரி வண்டி. ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது, ஆனாலும் நீங்கள் சொன்ன பாதி விஷயம் எனக்கும் நடந்தது. ஆனி, ஆடி சாரலில் குற்றாலம் ரோட்டில் ஓட்டுகிறவனுக்குக் கூரையின் தையல்தான் பெரிய பிரச்சினை. ஊசி போன ஓட்டை வழியாகவே தண்ணீர் இறங்கும். தையல் முடிந்த பிறகு உள்பக்கமிருந்து சீம் டேப், அதாவது தையலை மூடித் தண்ணீரைத் தடுக்கும் பட்டை, ஒட்டச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போது கூரையை மடக்கி வைக்கவே கூடாது, மறுநாளே பூஞ்சை பிடிக்கும்.

எஞ்சின் மாற்றும் யோசனையோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் பெரிய எஞ்சின் வைக்கலாம் என்று விசாரித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சி புக்கில் இருப்பதற்கும் வண்டியில் இருப்பதற்கும் வித்தியாசம் வரக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றினால் அங்கேயும் சிக்கல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். அந்தப் பணத்தை ஸ்பிரிங் பட்டையிலும் சீட்டிலும் போட்டேன். அம்மா இப்போது முனகாமல் வண்டியில் ஏறுகிறார்கள், எனக்கு அது போதும்.

மேலப்பாளையத்திலிருந்து:

நாங்கள் துபாயில் இருந்தபோது மஸ்தா எம்எக்ஸ்-5 வைத்திருந்தோம், 2015-க்குப் பிறகு வந்த மாடல். அதிகமும் நான்தான் ஓட்டினேன். சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். அந்த ஒரு வசதியால்தான் தினமும் திறந்தேன். திறப்பது சிரமமான வண்டியில் கூரை மூடியே கிடக்கும். அதனால் பழைய வண்டி எடுக்கிறவர்கள் கூரையின் கீல், கொக்கி எல்லாவற்றையும் எண்ணெய் விட்டு இலகுவாக்கிவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போக வேண்டும்.

அப்புறம் காற்று. ஓப்பன் காரில் காற்று முன்னாலிருந்து அடிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது முன் கண்ணாடிக்கு மேலே தாண்டிப் போய், பின்னாலிருந்து சுழன்று கழுத்தில் அடிக்கும். இரண்டு சீட்டுக்கும் பின்னால் ஒரு வலைத் தடுப்பு வைத்தால் பாதிக்கு மேல் அடங்கிவிடும், பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம். வள்ளியூர் தாண்டி பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்று பலமாக வீசும் காலத்தில் போகிறவர்களுக்கு இது மிகவும் தேவை. தலையில் ஷால் நிற்க வேண்டும் என்ற கவலை எனக்கு இருந்தது, தடுப்பு வைத்த பிறகு அது போய்விட்டது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கூரை மடங்கும் இடத்தில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்குமே, உங்கள் வண்டியில் அது அடைக்கிறதா? எங்கள் வண்டியில் மணல் அடைத்துக்கொள்ளும். ஊரில் வேப்பிலை உதிருமே என்று நினைத்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அடைக்கத்தான் செய்கிறதும்மா. வீட்டு முன்னால் நிற்பதும் வேப்ப மரம்தான். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டுக் குத்தி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன், கீழே வடிந்தால் சரி. கம்பி விட வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் கிழியும்.

வலைத் தடுப்பு நான் இதுவரை வைக்கவில்லை. கிரில் பட்டறையில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வண்டியில் அது சீட்டின் தலைப்பகுதிக்கு மேலே வந்ததா, இல்லை அதற்குக் கீழேயே நின்றதா? தென்காசி தம்பி, அந்த சீம் டேப் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.